சிசிலியா அக்கா சாப்பிடவில்லை

கோபிகா மருதனார்மடத்துப் பிள்ளை. அவள் எந்த அலுவலகத்தில் என்ன வேலை செய்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. கேட்கிறவர்களுக்கு அவளுடைய அம்மா "நண்டுக் கந்தோரிலை" என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்.

அது அப்படியொன்றும் பிழையில்லை. யாழ்ப்பாணத்துக் கடலில் பிடிபடுகிற நண்டை உடைத்து, சதை எடுத்து, தகரத்தில் அடைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வாங்கித் தின்கிற சனத்துக்குச் சில வருசங்களாக ஒரு புதுக் கவலை. இந்த நண்டு ஆரையும் வருத்தாமல், கடலையும் கெடுக்காமல்தான் வந்து சேர்ந்ததா என்று அறியாமல் அவர்களுக்குத் தொண்டைக்குள் இறங்குவதில்லை. அந்தக் கவலையைத் தீர்ப்பதற்கென்றே ஒரு வட்டமேசை உண்டாக்கப்பட்டது. கம்பனிகளுக்கு உட்கார ஒரு கதிரை, அரசாங்கத்துக்கு ஒன்று, தொண்டு நிறுவனங்களுக்கு ஒன்று, ஆராய்ச்சிக்காரருக்கு ஒன்று, கடற்கரைச் சனத்துக்கு ஒன்று. எல்லாரும் பங்காளிகள், எல்லாரும் சரிசமம். நண்டுக்கு மட்டும் கதிரை போடவில்லை.

இந்த வட்டமேசை சரி என்று சொன்னால்தான் தகரத்தில் ஒரு சின்னம் ஒட்டலாம். சின்னம் இருந்தால்தான் ஐரோப்பாவின் பெரிய கடைகள் தகரத்தைத் தொடும். கோபிகா அதன் வடபகுதி இணைப்பாளர். பட்டம் பெரிது, வேலை பலவிதம். கூட்டத்துக்கு ஹோட்டல் பிடிப்பாள், வருகிறவர்களை வரவேற்பாள், ஆங்கிலத்தைத் தமிழாக்குவாள், தமிழை ஆங்கிலமாக்குவாள், கடைசியில் கூட்டக் குறிப்பும் எழுதுவாள். வருசத்துக்கு வருசம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடு செய்வாள்.

வட்டமேசையில் வாக்கெடுப்புக் கிடையாது. வாக்கெடுத்தால் வென்றவன் தோற்றவன் என்று வந்துவிடும், பங்காளிகளுக்குள் அது எதற்கு என்பது அவர்களுடைய எண்ணம். தலைவி அன்னெலீஸ் என்ற ஒல்லாந்துக்காரி. நெடிய மனிசி, நல்ல மனிசியும்கூட. ஒரு யோசனையைக் கதைத்து முடித்ததும் "ஆருக்கும் எதிர்ப்பு உண்டா?" என்று மூன்று தரம் கேட்பார். ஒரு கை எழும்பினாலும் யோசனை அந்த இடத்திலேயே நிற்கும். கை எழும்பாவிட்டால் அனைவரும் இணங்கினார்கள் என்று குறிப்பில் ஏறும். கேட்பதற்கு இதைவிட நியாயமான முறை வேறில்லை என்றுதான் தோன்றும். கோபிகாவுக்கும் அப்படித்தான் தோன்றியது.

கடற்கரைச் சனத்தின் கதிரைக்குச் சிசிலியா வந்த கதை வேறு. குருநகர்ச் சங்கத் தலைவர் அடைக்கலநாதன்தான் முதலில் வருவதாக இருந்தார். பெண்கள் குறைவாக இருக்கிறார்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னதும் சங்கத்தார் கூடி யோசித்து, பெண்கள் பிரிவின் செயலாளரான சிசிலியாவை அனுப்பினார்கள். அவளுடைய புருசன் லெனாட்டிடம் ஒரு வள்ளம் இருக்கிறது, எஞ்சின் இல்லை. குருநகரிலிருந்து அரியாலைப் பக்கமாக நீளுகிற பரவைக்கடலில், இடுப்பளவு தண்ணீருக்குள், நண்டு வலை போடுகிறவர்களில் அவனும் ஒருத்தன். விடியற்புறம் வலை கரைக்கு வந்தால் நண்டைக் கழற்றுவது சிசிலியாவின் வேலை. அதைக் கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், நண்டு என்ன மாதிரிச் சீவன் என்று.

முதல் கூட்டம் மார்ச் மாதம், யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல் ஒன்றில் நடந்தது. அன்றைய யோசனை அந்தப் பரவைக்கடலைப் பற்றியது. நண்டு முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கிற இடம் அது, ஆகவே அங்கே வலை போடுவதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று ஆராய்ச்சிக்காரர் படம் போட்டு விளக்கினார். அவர் சொன்னது பொய்யில்லை. குஞ்சு நண்டு அங்கேதான் வளர்கிறது. ஆனால் எஞ்சின் வள்ளக்காரர் ஆழக்கடலுக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்து கம்பனிக்குக் கொடுக்கலாம், அதற்கு ஒரு தடையும் இல்லை. எஞ்சின் இல்லாதவனுக்கு இந்தப் பரவைக்கடலை விட்டால் போக வேறு கடல் இல்லை. தடை வந்தால் லெனாட்டும் அவனைப் போன்றவர்களும் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு ஆரேனும் வள்ளத்தில் கூலிக்கு ஏறவேண்டியதுதான். இது அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். "மாற்று வாழ்வாதாரம் பற்றிப் பின்னர் ஆராயப்படும்" என்று ஒரு வரியும் போட்டிருந்தார்கள்.

சிசிலியா முழுவதையும் கேட்டாள். கோபிகா பக்கத்தில் இருந்து மெல்லிய குரலில் தமிழில் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். ஒன்றும் கதைக்கவில்லை.

பிறகு மத்தியானச் சாப்பாடு. கணவாய்க் கறி, இறால் பொரியல், கூட்டமே நண்டுக் கூட்டம் என்பதால் நண்டுக் குழம்பும். எல்லாரும் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க, சிசிலியா கதிரையை விட்டு எழும்பவில்லை. கம்பனியின் முகாமையாளர் கஜானன் தானே போய்க் கூப்பிட்டார். இளம் வயது, மரியாதை தெரிந்த மனிசன்.

"வாங்கோ அக்கா, சாப்பிடுவம்."

"வேண்டாம் தம்பி."

"தேத்தண்ணியாவது குடியுங்கோவன்."

"வயிறு நிறைஞ்சிருக்கு தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ." அழகாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முன்னால் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைக்கூட அவள் திறக்கவில்லை.

கோபிகாவுக்குக் கையில் எடுத்த கோப்பை அப்படியே நின்றது. "வயிறு நிறைஞ்சிருக்கு" என்ற சொல்லை அவள் இரண்டு வருசத்துக்கு முன் தன் வீட்டிலேயே கேட்டிருந்தாள். கொடிகாமத்திலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்த ஆட்கள், நன்றாகக் கதைத்தார்கள், பிள்ளை கெட்டிக்காரி என்றார்கள், கிணற்றுத் தண்ணீர் நல்லதா என்றுகூடக் கேட்டார்கள். அம்மா வடை சுட்டு, பாயாசம் காய்ச்சி வைத்திருந்தார். ஒருவரும் கை நனைக்கவில்லை. வயிறு நிறைஞ்சிருக்கு என்று எழும்பிப் போனார்கள். அவர்களுடைய கார் ஒழுங்கை திரும்புகிறபோதே அம்மா வடைத் தட்டை எடுத்துக் குசினிக்குக் கொண்டுபோய்விட்டார். என்ன முடிவு என்று அந்த வீட்டில் ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சம்மதம் என்றால் கை நனைப்பார்கள், சம்மதமில்லை என்றால் நனைக்கமாட்டார்கள். முகத்துக்கு நேரே "இல்லை" என்று சொல்லி மனிசரை நோகடிக்காமல் இருப்பதற்காகவே இந்த ஊர் கண்டுபிடித்து வைத்திருக்கிற வழி அது. சைவக்காரரென்ன, கிறிஸ்தவ வேதக்காரரென்ன, எல்லாருக்கும் இது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து அன்னெலீஸ் வந்து கோபிகாவின் தோளைத் தொட்டார். அந்த அம்மாவுக்குச் சுகமில்லையா, நாங்கள் ஏதேனும் பிழை விட்டுவிட்டோமா என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

கோபிகா சொன்ன பதில்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம். "இது தவக்காலம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர்கள் ஒருசந்தி விரதம் இருப்பார்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

தவக்காலம் என்பது உண்மை. வெள்ளிக்கிழமை என்பதும் உண்மை. ஆனால் கோபிகா நகரத்துக் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், ஒருசந்திக்காரர் தண்ணீர் குடிக்கலாம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டேதான் அவள் அதைச் சொன்னாள். ஏன் சொன்னாள்? கூட்டம் குழம்பாமல் முடியவேண்டும், கொழும்பிலிருந்து வந்தவர்களைப் பின்னேர ரெயினுக்கு ஏற்றவேண்டும், ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இவ்வளவும் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின. கெட்ட எண்ணம் என்று சொல்லமுடியாது. வசதியான எண்ணம், அவ்வளவுதான்.

அன்னெலீஸ் நெகிழ்ந்துபோனார். பின்னேர அமர்வைத் தொடங்கும்போது, பசியோடு இருந்தும் கடமைக்காக வந்திருக்கும் சிசிலியாவின் விரதத்தை வட்டமேசை மதிக்கிறது என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். கை தட்டினார்கள். சிசிலியா திரும்பிக் கோபிகாவைப் பார்த்தாள்.

"என்னவாம் பிள்ளை?"

"நீங்கள் சாப்பிடாமல் இருக்கிறதை அவை மதிக்கினமாம் அக்கா."

சிசிலியாவின் முகம் தெளிந்தது. சங்கம் தந்துவிட்ட வேலை முடிந்தது என்ற தெளிவு அது. அதற்குப் பிறகு அன்னெலீஸ் மூன்று தரம் கேட்டபோது, சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்த ஆளாக, கையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தாள். அனைவரும் இணங்கினார்கள் என்று கோபிகா எழுதினாள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்து கொஞ்ச நாளில் பரவைக்கடலில் தடை எல்லையைக் காட்டும் மஞ்சள் மிதவைகள் வந்தன. அதற்குள் வலை போட்ட இரண்டு பேரின் வலையை அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏனென்று கேட்டதற்கு, உங்கள் பிரதிநிதி இணங்கித்தானே முடிவெடுத்தது என்று பதில் வந்தது. அன்றைக்குப் பின்னேரமே குருநகர் முழுக்க ஒரே கதை. சிசிலியா எங்களை வித்துப்போட்டு வந்திட்டாள். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எழும்பி வேறு வாங்கில் போய் இருந்தார்கள். லெனாட் கடற்கரைக்குப் போவதை நிறுத்தினான்.

அடுத்த கிழமை அடைக்கலநாதனும் சிசிலியாவும் கோபிகாவின் கந்தோருக்கு வந்தார்கள். அடைக்கலநாதன் கதிரையில் இருக்காமலே தொடங்கினார்.

"தங்கச்சி, நாங்கள் சம்மதமெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அண்ணை. எதிர்ப்பு இருக்கோவெண்டு கேட்டவை. அக்கா ஒண்டும் சொல்லேல்லை."

"அவள் சாப்பிட்டவளோ?"

கோபிகா மேசையில் கிடந்த குறிப்புத் தாளைப் பார்த்தாள்.

"நான்தான் சொல்லி விட்டனான்" என்றார் அடைக்கலநாதன். "போ, இரு, அவை சொல்லுறதைக் கேள். சரிவந்தால் சாப்பிட்டிட்டு வா. சரிவராட்டில் கை நனையாமல் எழும்பி வா, மிச்சத்தை அவையள் விளங்கிக்கொள்ளுவினமெண்டு. பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள், உது விளங்காதோ?"

"வாயாலை சொல்லியிருக்கலாமே அக்கா" என்று கோபிகா சிசிலியாவைப் பார்த்துக் கேட்டாள். கேட்கும்போதே அந்தக் கேள்வி எவ்வளவு மோசமானது என்று அவளுக்கு விளங்கியது.

"கூப்பிட்டுக் கதிரை தந்த சனத்தின்ரை மூஞ்சைக்கு நேரை என்னெண்டு பிள்ளை இல்லையெண்டிறது?" சிசிலியாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கோபிகாவுக்குச் சுகமாக இருந்திருக்கும். "நான் தண்ணிகூடக் குடிக்கேல்லை. நீ பக்கத்திலைதானே இருந்தனி. நீயும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. உனக்கு விளங்கேல்லையோ?"

மேலே கதைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கோபிகா அவர்களை அனுப்பினாள். போன பிறகு கந்தோர்க் கதவைச் சாத்திவிட்டு அழுதாள். வெட்கத்தில் வருகிற அழுகை அதிக நேரம் நிற்காது, ஆனால் நன்றாகச் சுடும்.

அடுத்த நாள் கணினித் திரையில் அன்னெலீஸைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். கை நனைப்பது என்றால் என்ன, நனைக்காமல் விட்டால் என்ன, தனக்கு அது அன்றைக்கே தெரியும், தெரிந்துகொண்டுதான் ஒருசந்தி என்று சொன்னேன் என்பதுவரை. இதோடு ஒப்பந்தம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

இது உன் பிழையில்லை, எங்கள் முறைமையின் பிழை என்றார் அன்னெலீஸ். அந்த ஆட்களிடம் இது ஒரு நல்ல பழக்கம். குற்றம் ஒருவரிலும் தங்காது, முறைமையில் போய் இறங்கிவிடும். ஆனால் சொன்னதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். கண்டம் விட்டுக் கண்டம் திரையில் கூட்டம் வைத்து, மூன்று காரியங்களை முடிவாக்கினார்கள். ஒன்று, பரவைக்கடல் முடிவை நிறுத்தி வைத்து அடுத்த கூட்டத்தில் திரும்பவும் கதைப்பது. இரண்டு, இனிமேல் மௌனம் சம்மதமாகாது. ஒவ்வொரு கதிரையும் தன் சம்மதத்தையோ மறுப்பையோ வாயால் சொல்லவேண்டும். மூன்று, இதுவரை விடுபட்டுப்போன இன்னொரு தரப்புக்கும் கதிரை போடுவது. நண்டு உடைக்கிற தொழிலாளருக்கு.

கோபிகாவின் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. துணிந்து உண்மை சொன்னதற்காகப் பாராட்டும் வந்தது. அவளுக்கு அது பிடிக்கத்தான் செய்தது, பொய் சொல்வானேன்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போய்த் தானே செய்தியைச் சொன்னாள். மிதவைகள் மிதக்கும், ஆனால் கூட்டம் வரைக்கும் வலை போடலாம் என்றதும் சனம் சிரித்தது. சிசிலியாவோடு கோபித்துக்கொண்டிருந்தவர்கள் அவள் வீட்டுப் படலையடிக்கு வந்து கதை கேட்டார்கள். சிசிலியாவுக்கு மட்டும் ஒரு விசயம் உறுத்தியது.

"அப்ப இந்த முறை நான் வாயாலை சொல்ல வேணுமோ?"

"ஓம் அக்கா. சம்மதமில்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அதோடை நிண்டிடும். அதுக்குப் பிறகு ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது."

"எனக்கு ஒவ்வொரு நாளும் சொல்லுறதுதானே" என்றான் லெனாட் உள்ளேயிருந்து. "அதையே அங்கை போய்ச் சொல்லு."

படலையடியில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடைக்கலநாதன் விட்டபாடில்லை, சங்கக் கட்டடத்தில் இரண்டு மூன்று தரம் அவளை எழுப்பி நிறுத்திச் சொல்லப் பழக்கினார். முதலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னவள், கடைசியில் நிமிர்ந்து நின்று சொன்னாள். எங்களுக்குச் சம்மதமில்லை. குரலும் நடுங்கவில்லை.

ஒக்ரோபரில் அதே ஹோட்டலில் இரண்டாவது கூட்டம். சிசிலியா நல்ல சீலை உடுத்து, தலைமயிரை இழுத்து முடிந்து வந்திருந்தாள். மண்டபத்துக்குள் இரண்டடி வைத்தவள் அப்படியே நின்றாள். புதிதாகப் போட்ட தொழிலாளர் கதிரையில் அற்புதராணி இருந்தாள்.

அற்புதராணி லெனாட்டின் கூடப்பிறந்த தங்கச்சி. புருசன் நாலு வருசத்துக்கு முன் கடலுக்குப் போய் வராதவன். அதற்குப் பிறகு அவளும் குருநகர்ப் பெண்கள் கனபேரும் கம்பனி பஸ்ஸில் ஏறிக் கொடிகாமத்துத் தொழிற்சாலைக்குப் போய் நண்டு உடைக்கிறார்கள். ஓடு கீறிக் கீறி அவளுடைய விரல் நுனியெல்லாம் தழும்பு. அவளைத் தெரிவு செய்தது கோபிகாதான். அதாவது, தொழிலாளருக்குள்ளே ஒருத்தியை நீங்களே தெரிவு செய்யுங்கோ என்று விட, அவர்கள் அவளைத் தெரிவு செய்தார்கள். இருவரும் உறவென்று கோபிகாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் உறவு பார்க்க விதியில் இடமில்லை.

"மச்சாள்" என்றாள் அற்புதராணி.

"ஓம் மச்சாள்" என்றாள் சிசிலியா. வட்டமேசையின் வடிவம் அப்படி, இருவரும் நேருக்கு நேர்தான் இருக்கவேண்டி வந்தது.

ஆராய்ச்சிக்காரர் அதே படத்தைத் திரும்பவும் போட்டார். கஜானன் எழும்பி, தான் ஒருவரையும் நெருக்கவில்லை, தகவலுக்காக மட்டும் ஒன்றைச் சொல்லவேண்டும் என்றார். வாங்குகிறவர்கள் இந்த முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள். சின்னம் கிடைக்காவிட்டால் அவர்கள் வேறு நாட்டில் வாங்குவார்கள். அப்படி நடந்தால் கொடிகாமத்துத் தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்தமுடியாது. அது கம்பனியின் விருப்பமில்லை, ஆனால் நிலைமை அது. அவர் மிரட்டுகிற மாதிரியே கதைக்கவில்லை. உண்மையாகவே அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. கோபிகா ஒரு சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தாள். முதல் கூட்டத்தில் சுருக்கியதற்குப் பிராயச்சித்தமாக இந்த முறை எல்லாவற்றையும் முழுசாகச் சொன்னாள்.

அன்னெலீஸ் கதிரை கதிரையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கம்பனி சம்மதம் என்றது. அரசாங்கத் திணைக்களம் சம்மதம் என்றது. தொண்டு நிறுவனமும் ஆராய்ச்சியும் சம்மதம். பிறகு அற்புதராணியின் முறை. அவள் மேசையைப் பார்த்தபடி இருந்தாள். அண்ணன் வலை போடுகிற கடல் அது. ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பெண்கள்.

"எங்களுக்குச் சம்மதம்" என்றாள். மச்சாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிசிலியாவின் முறை வந்தது. பழகி வைத்த சொல் வாய்க்குள்ளேயே இருக்கிறது என்பது பக்கத்தில் இருந்த கோபிகாவுக்குத் தெரிந்தது. ஊர் பேர் தெரியாத வெள்ளைக்காரிக்கு நிமிர்ந்து சொல்வதற்காகப் பழகிய சொல் அது. இப்போது அதைக் கேட்க முன்னால் இருந்தது அற்புதராணி. அந்தச் சொல் விழுந்தால் நாளைக்கு எந்த வீட்டு அடுப்பு எரியாது என்று சிசிலியாவுக்கு வீடு வீடாகத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் அவள் சாவுக்கும் கலியாணத்துக்கும் போய்வந்தவள்.

"பிள்ளை," என்றாள் மெல்ல, "ஒண்டும் சொல்லாமல் விட ஏலாதோ?"

கோபிகா அதை ஆங்கிலத்தில் கேட்டாள். அன்னெலீஸ் முன்னால் குனிந்து, மிகவும் கனிவாகப் பதில் சொன்னார்.

"என்னவாம்?"

"இந்த விதியையே உங்களுக்காகத்தான் கொண்டு வந்தவையாம் அக்கா. ஆறுதலாச் சொல்லட்டாம். ஆனா வாயாலை சொல்ல வேணுமாம்."

மண்டபத்தில் எல்லாரும் சிசிலியாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் நல்ல மனதோடு. ஒருவர் முகத்திலாவது கெடுதி தெரிந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. அற்புதராணி இப்போதுதான் தலையைத் தூக்கினாள். மச்சாளைச் சும்மா பார்த்தாள்.

"சம்மதம்" என்றாள் சிசிலியா.

கோபிகா மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாள். "அக்கா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் மாட்டனெண்டு சொன்னால் நிண்டிடும். ஒருத்தரும் உங்களை ஒண்டும் கேக்கேலாது."

"நான் சொல்லிப்போட்டன் பிள்ளை. சொல்லு அவைக்கு."

சொன்னாள். கைதட்டல் எழுந்தது. அன்னெலீஸின் கண் கலங்கியிருந்தது; இந்த வட்டமேசையின் வரலாற்றிலேயே இவ்வளவு வெளிப்படையான இணக்கம் இதுதான் என்றார். கோபிகா குறிப்பை எழுதினாள். ஒவ்வொரு கதிரையும் தன் வாயால் சம்மதம் சொன்னது என்று எழுதினாள். அதில் ஒரு பிழையும் இல்லை. இனி ஒருவரும் கந்தோருக்கு வந்து நியாயம் கேட்க வழியில்லை, ஒருவர் திரையில் வந்து உண்மை சொல்லவும் உண்மை ஒன்று மிச்சமில்லை.

பின்னேரம் வாசலில் கம்பனி வான் நின்றது. குருநகர்ப் பக்கம் போகிறவர்கள் அதிலேயே போகலாம் என்று கஜானன் ஒழுங்கு செய்திருந்தார். அற்புதராணி ஏறி, பக்கத்துச் சீற்றில் கையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு இருந்தாள். சிசிலியா படியால் இறங்கி வர, கோபிகா பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"அக்கா, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீ என்ன பிள்ளை செய்தனி?" என்றாள் சிசிலியா. கையை உதறவில்லை, மெல்லத்தான் எடுத்தாள். "அண்டைக்கு எங்கடை கடலை நீங்கள் எடுத்தனீங்கள். அதுக்கு ஊரோடை சேந்து நானும் உங்களை ஏசினன். இண்டைக்கு நானெல்லோ தூக்கிக் குடுத்திட்டு வாறன். இனி நான் ஆரை ஏசுறது?"

அற்புதராணி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். சிசிலியா போய் ஏறிக்கொண்டாள்.